எந்தக் கணினி நன்றாக உழைக்கும்? பிராண்டு மாறும் முன் பார்க்க வேண்டியவை

என் அண்ணியின் மடிக்கணினி, வாங்கிய 14ஆவது மாதத்தில் கைவிட்டது. ஓராண்டு வாரண்டி முடிந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை திரையைத் திறந்தபோது இடப்பக்கக் கீல் மளுக்கென்று ஒடிந்து, பிளாஸ்டிக் சட்டம் பிளந்து, திரைக்குப் போகும் வயரையும் இழுத்து அறுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை புதுக் கணினி விலையில் பாதியை நெருங்கியது. "இனி இந்தக் கம்பெனிப் பக்கமே போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்து எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். அவரே ஒரு பெயரையும் மனத்தில் வைத்திருந்தார்.

சென்னை ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அந்தக் கணினியை எடுத்துப்போனேன். அவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். கீலைப் பிடித்திருந்த திருகாணிகள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னஞ்சிறு பித்தளைக் குமிழ்களில் இறங்கியிருந்தன. கீல் இறுக இறுக, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் குமிழ்கள் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. பிறகு அவர் அலமாரியிலிருந்து இதே இடத்தில் இதே விதமாகப் பிளந்த மூன்று மேல்சட்டங்களை எடுத்து வைத்தார். மூன்றும் மூன்று வேறு கம்பெனிகள். அண்ணி வாங்க நினைத்திருந்த கம்பெனியும் அதில் ஒன்று.

காசு கொடுத்தவருக்கு வரும் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் மூடியில் பொறித்திருக்கும் பெயர் மேல் போய் இறங்குகிறது. பழுதோ அந்தப் பெயருக்கு ஒரு படி கீழே, ஓர் உதிரிபாகத்திலோ, ஒரு விலைப்பிரிவின் கட்டுமானத்திலோ, ஒரு குறிப்பிட்ட காலத்தில் வந்த சரக்கிலோ இருக்கிறது. பிராண்டு மாறுவதற்கு முன் இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள், அதே பழுதைப் புதுப் பெயரில் மறுபடியும் விலைக்கு வாங்கும் வாய்ப்பு அதிகம்.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

கம்பெனி வாரியாகப் பழுது விகிதத்தைத் தரும் வெளிப்படையான கணக்குகள் மிகக் குறைவு. உற்பத்தியாளர்கள் தங்கள் கையில் உள்ள கணக்கை வெளியே விடுவதில்லை. அதனால்தான் 2009 நவம்பரில் ஸ்கொயர்டிரேடு என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அத்தனை பேசப்பட்டது. கூடுதல் வாரண்டி விற்பது அந்த நிறுவனத்தின் தொழில். கணினி கெட்டுப்போகும் என்ற பயம் பரவினால் அதற்கு லாபம் என்பதையும் மறக்க வேண்டாம். தன்னிடம் வாரண்டி எடுத்த 30,000க்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை ஆராய்ந்து, மூன்றாண்டுகளில் 31 சதவீதம் ஏதோ ஒரு வகையில் செயலிழக்கும் என்று அது மதிப்பிட்டது. அதில் கீழே போட்டது, தண்ணீர் கொட்டியது போன்ற விபத்துகள் மூன்றில் ஒரு பங்கு. மீதி கருவியின் சொந்தப் பழுது.

அந்தச் சொந்தப் பழுதைக் கம்பெனி வாரியாகப் பிரித்தபோது ஆசுஸ் 15.6, தோஷிபா 15.7, சோனி 16.8, ஆப்பிள் 17.4, டெல் 18.3, லெனோவோ 21.5, ஏசர் 23.3, கேட்வே 23.5, எச்பி 25.6 சதவீதம் என்று வந்தது. பார்த்தவுடன் முடிவு எளிதாகத் தோன்றும்: கடைசியில் இருப்பதை விட்டுவிட்டு முதலில் இருப்பதை வாங்கு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசியில் இருந்த கம்பெனியிலிருந்து முதலில் இருந்த கம்பெனிக்கு 100 பேர் மாறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 74 பேருக்குப் பழைய கம்பெனியிலும் மூன்றாண்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 16 பேருக்குப் புதுக் கம்பெனியிலும் கெடும். மாறியதால் உண்மையில் பிழைத்தவர்கள் 10 பேர். அந்தப் பத்து பேருக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலின் இரு முனைகளுக்கு நடுவிலேயே இவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் இருக்கும் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே மாறுவதில் கிடைப்பது இன்னும் சொற்பம்.

அக்கம்பக்கத்து அனுபவத்தை வைத்து முடிவெடுப்பதில் உள்ள சிக்கலையும் இதே எண்கள் காட்டுகின்றன. பட்டியலில் முதலிடம் பெற்ற கம்பெனியின் கணினியைப் பத்துப் பேர் வாங்கியிருக்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டில் அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ கெட்டுப்போகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. கடைசி இடம் பெற்ற கம்பெனியை வாங்கிய பத்துப் பேர் கொண்ட அலுவலகங்களில், நாலில் ஒன்று ஒரே ஒரு பழுதையோ ஒன்றுமே இல்லாத மூன்றாண்டையோ பார்க்கும். ஆக, நல்ல கம்பெனியைத் திட்டுகிற அலுவலகமும், மோசமான கம்பெனிக்குச் சத்தியம் செய்கிற அலுவலகமும் ஒரே தெருவில் இருக்கலாம். இருவருமே தாங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பட்டியலுக்குப் பிறகு நடந்ததும் கவனிக்கத் தக்கது. முதல் மூன்று இடங்களில் இருந்த சோனி 2014இல் தன் வையோ கணினிப் பிரிவை விற்றுவிட்டது. தோஷிபா 2018இல் தன் கணினித் தொழிலில் 80.1 சதவீதத்தை ஷார்ப்புக்கு விற்று, 2020இல் மீதியையும் கொடுத்துவிட்டது. நன்றாக உழைக்கும் கம்பெனி என்று நம்பி அந்தப் பெயர்களைத் தேடிப் போனவர்களுக்குச் சில ஆண்டுகளில் கடையில் அந்தப் பெயரே இல்லை. அடுத்தடுத்து 23.3, 23.5 என்று நின்ற ஏசரும் கேட்வேயும் இரண்டு கம்பெனிகள் போலத் தெரிந்தாலும், கேட்வேயை 2007இலேயே ஏசர் வாங்கிவிட்டது.

பெயர் வேறு, பாகம் ஒன்று

உலகில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பகுதியை, மூடியில் பெயர் உள்ள கம்பெனி செய்வதில்லை. குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் போன்ற தைவான் ஒப்பந்த நிறுவனங்கள் செய்கின்றன. விஸ்ட்ரான் ஏசரிலிருந்தும், பெகாட்ரான் ஆசுஸிலிருந்தும் பிரிந்து வந்தவை. இவை ஒரே நேரத்தில் பல போட்டிக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கின்றன. சிப், திரை, பேட்டரி செல், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைத் தயாரிப்பவர்களோ அதைவிடக் குறைவு. அதனால் கணினி வரலாற்றின் பெரிய பழுதுகள் பலவும் கம்பெனி எல்லையை மதிக்காமல் பரவியிருக்கின்றன.

2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. பத்து நாளில் ஆப்பிள் 18 லட்சம். அடுத்த மாதம் லெனோவோவும் ஐபிஎம்மும் சேர்ந்து 5 லட்சத்து 26 ஆயிரம். பிறகு தோஷிபா, புஜித்சு என்று வரிசை நீண்டது. எல்லாவற்றிலும் இருந்தவை சோனி செய்த செல்கள். தயாரிப்பின்போது உள்ளே தங்கிய நுண்ணிய உலோகத் துகள்கள் குறுக்குச்சுற்றை உண்டாக்கி, செல்லைச் சூடேற்றி, சில சமயம் தீப்பிடிக்க வைத்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் டெல்லை விட்டு ஆப்பிளுக்கு மாறியவர் அதே செல்லிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

2008இல் நடந்தது இன்னும் நுட்பமானது. என்விடியா தன் கிராபிக்ஸ் சிப்களின் ஒரு பகுதியில், சிப்பை அதன் அடித்தட்டோடு இணைக்கும் பொருள் பலவீனமாக இருப்பதை அந்த ஜூலையில் ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. கணினி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த இணைப்புகளில் விரிசல் விழும். முதலில் திரையில் கோடுகள், பிறகு ஒரு நாள் வெறும் இருட்டு. டெல், எச்பி, ஆப்பிள் மூன்றின் மடிக்கணினிகளும் இதில் சிக்கின. பழுது தெரிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும் என்பதால், முதல் மாதம் பார்த்துவிட்டு 'அருமை' என்று எழுதியவர்கள் யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்க முடியாது.

2000களின் தொடக்கத்தில், கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுகளில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் வீங்கி, ஒழுகி, செத்துப்போனதும் இப்படித்தான். டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மேசைக் கணினிகள் பெருமளவில் அடிபட்டன. 2005இல் அந்த நிறுவனம் இதற்காக 30 கோடி டாலரை ஒதுக்கியது. ஆப்பிளின் ஐமேக் ஜி5க்கும் அந்தக் காலத்தில் தனியாக ஒரு பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க வேண்டிவந்தது. மிக அண்மையில், 2024இல், இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவது உறுதியாகி, அந்நிறுவனம் வாரண்டியை மேலும் இரண்டாண்டு நீட்டியது. அந்தச் சிப்பை வைத்து யார் கணினி செய்திருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்.

இந்த வரலாற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி கெட்டவுடன் முதலில் கேட்க வேண்டியது 'எது கெட்டது' என்பது. பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. 'போர்டு போயிருச்சு' என்று சொன்னால் அத்தோடு திரும்பிவிடுகிறோம். பலகையில் எந்தப் பகுதி, வெப்பத்தாலா, ஈரத்தாலா, மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலா, கீழே விழுந்ததாலா என்று பழுதுபார்ப்பவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சார்ஜர் செருகும் இடம் ஆடி ஆடித் தளர்ந்திருந்தால் அது நாம் கையாண்ட விதமாக இருக்கலாம். காற்று போகும் வழி தூசியால் அடைபட்டு வெந்திருந்தால் எந்தக் கம்பெனி வாங்கினாலும் அதே அறையில் அதே கதி. ஐந்து வயதான பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்குகிறது என்றால் அது பழுதே இல்லை, தேய்மானம். அடிக்கடி உறைந்து நிற்பது சில சமயம் மென்பொருளின் கோளாறு. வேறொரு இயங்குதளத்தை யுஎஸ்பியிலிருந்து ஏற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

ஒரே கம்பெனிக்குள் இரண்டு உலகங்கள்

2025இல் பெயர்களை மாற்றும் வரை டெல்லில் வீட்டுக்கான வரிசையாக இன்ஸ்பிரானும் இருந்தது, பெரிய அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் லாட்டிட்யூடும் இருந்தது. எச்பியில் அப்படியே பெவிலியனும் எலைட்புக்கும் இருந்தன. லெனோவோவில் ஐடியாபேடும், 2005இல் ஐபிஎம்மிடமிருந்து வந்த திங்க்பேடும் உண்டு. கம்பெனிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட இந்த வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். மலிவு வரிசையில் ஒவ்வொரு ரூபாயும் எண்ணப்படுகிறது. திரையும் செயலியும் விளம்பரத்தில் வரும், கீல் வராது. எனவே கீலில் மிச்சம் பிடிக்கிறார்கள். அலுவலக வரிசையை ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனத்துக்கோ, 200 கணினிகளில் கீல் ஒடிந்தால் அடுத்த ஒப்பந்தத்தை வேறிடம் கொடுக்கும் பலம் இருக்கிறது. அந்தப் பயம் உலோகச் சட்டமாகவும், தண்ணீர் வடியும் கீபோர்டாகவும், மூன்றாண்டு வாரண்டியாகவும் வெளிப்படுகிறது. ஸ்கொயர்டிரேடு அறிக்கையிலும் மலிவான நெட்புக் வகைக் கணினிகளின் பழுது, விலை கூடிய மடிக்கணினிகளைவிட 20 சதவீதம் அதிகமாக இருக்கும் என்றே மதிப்பிட்டிருந்தார்கள்.

நல்ல பெயர் எடுத்த கம்பெனியும் ஒரு மாடலில் சறுக்கும். ஆப்பிளின் பட்டர்பிளை கீபோர்டு 2015இல் 12 அங்குல மேக்புக்கில் வந்தபோது அதன் மெலிவைப் பாராட்டாதவர் குறைவு. ஒரு தூசி நுழைந்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு தட்டுக்கு இரண்டாக விழும் என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் தெரிந்தது. 2018 ஜூனில் இலவசமாகப் பழுதுநீக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் பழைய முறைக்குத் திரும்பினார்கள். 2022இல் வழக்கு 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த நாலைந்து ஆண்டுகளில் 'கெடவே கெடாது' என்ற பெயரை மட்டும் நம்பி மாறியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மைக்ரோசாப்ட் சர்பேஸ் கருவிகளுக்கும் இப்படி ஒரு காலம் வந்தது. தன் வாசகர்களின் 90,000க்கும் மேற்பட்ட கருவிகளைப் பற்றிய கணக்கெடுப்பை வைத்து, மைக்ரோசாப்ட் கருவிகளில் நாலில் ஒன்று இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தொல்லை தரும் என்று மதிப்பிட்டு, 2017 ஆகஸ்டில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு தன் பரிந்துரையை நீக்கியது. மைக்ரோசாப்ட் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே சில மாடல்களுக்குப் பரிந்துரை திரும்பக் கிடைத்தது. ஒரே பெயர், ஓராண்டில் இரண்டு தீர்ப்பு.

இதில் அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு மாடல் நன்றாக உழைக்குமா என்பது தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். அது தெரியும்போது அந்த மாடல் கடையில் இருக்காது. அதனால் புத்தம்புது வடிவமைப்பின் முதல் ஆண்டுச் சரக்கை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. அதே உடற்கட்டும் கீலும் கீபோர்டும் மாறாமல், உள்ளே செயலி மட்டும் புதிதாகி இரண்டாம் மூன்றாம் தலைமுறையாக வரும் மாடல்கள் பல உண்டு. அவற்றின் முந்தைய ஆண்டு மாடலை வைத்திருப்பவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்பதுதான் நமக்குக் கிடைக்கக்கூடிய நல்ல தடயம். புகழ்ச்சி எத்தனை, வசை எத்தனை என்று எண்ண வேண்டாம். ஒரே பழுது, ஒரே பாகம், வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. 2007இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ 1,00,000 ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு டிஸ்க் கெடச் சராசரியாக 10 லட்சம் மணி நேரம் ஆகும் என்று தயாரிப்பாளர் தரும் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுது வரக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் டிஸ்க்குகள் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. 'இராணுவத் தரம்' என்று விளம்பரத்தில் வரும் அமெரிக்க மில்-எஸ்டிடி-810க்கும் சான்றளிக்கும் தனி அமைப்பு கிடையாது. எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

கெட்டால் என்ன ஆகும் என்பதையோ வாங்கும் முன்பே முழுவதுமாகத் தெரிந்துகொள்ளலாம். டெல், எச்பி, லெனோவோ போன்றவை தங்கள் மாடல்களின் பராமரிப்புக் கையேட்டை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுகின்றன. கடைக்குப் போகும் முன் அதைத் திறந்து, கீபோர்டை மாற்றும் பக்கத்தைப் பாருங்கள். சில திருகாணிகளில் முடிந்தால் நல்லது. மதர்போர்டு வரை எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, மேல்சட்டத்தோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும் என்றிருந்தால், ஒரு எழுத்து கெட்டால் எவ்வளவு செலவாகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, பேட்டரி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதும் அதில் இருக்கும். பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளைப் பத்துக்கு இத்தனை என்ற பழுதுபார்ப்பு மதிப்பெண்ணோடுதான் விற்க வேண்டும். உதிரிபாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பதும் அந்த மதிப்பெண்ணில் அடக்கம். நாம் பார்க்கும் அதே மாடல் அங்கும் விற்பனையில் இருந்தால் அந்த எண் நமக்கும் உதவும்.

உங்கள் ஊரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லை பஸ் ஏறி இன்னொரு மாவட்டத்துக்குப் போக வேண்டுமா என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டிக்கும், நாமே சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருக்கும் வாரண்டிக்கும் காகிதத்தில் ஒரு வரிதான் வித்தியாசம். படிக்கிற பிள்ளைக்குத் தேர்வு மாதத்தில் அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது!

அண்ணி கடைசியில் கம்பெனி மாறவில்லை. அதே கம்பெனியின் அலுவலக வரிசையில், முந்தைய ஆண்டு மாடலை, மூன்றாண்டு வீட்டு வாரண்டியோடு வாங்கினார். செயலி ஒரு படி குறைவு, எடை கொஞ்சம் அதிகம். பழைய கணினியின் விலையைவிட ஏழாயிரம் ரூபாய் கூடியது. போன மாதம் அதன் விசிறி சத்தம் போட ஆரம்பித்தது. புகார் செய்த மறுநாள் ஓர் இளைஞர் வந்து, சாப்பாட்டு மேசை மேலேயே பின்மூடியைக் கழற்றி, விசிறியை மாற்றிவிட்டுப் போனார். கீல்களை எனக்குக் காட்டச் சொன்னேன். இரண்டும் உலோகச் சட்டத்தில் திருகப்பட்டிருந்தன.